பிக்கிபேக்கிங்: ‘அழையா இணைவு’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் வீட்டு வைஃபையை அவருடைய இசைவு இல்லாமல் இன்னொருவர் பயன்படுத்துவதை ஆங்கிலத்தில் ‘பிக்கிபேக்கிங்’ என்கிறார்கள். இந்த இழையில் இதற்கு ‘உப்புமூட்டை’, ‘ஒட்டுண்ணி இணைப்பு’, ‘அலைக்கொக்கி’ என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. இரண்டு நாட்களாக யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

உப்புமூட்டை அழகான சொல்தான். ஆனால் உப்புமூட்டை தூக்குகிறவன் குனிந்து முதுகைக் கொடுக்கிறான். ஏறியிருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். நாம் பேசும் விஷயத்தில் சுமப்பவருக்குச் சுமை இருப்பதே தெரியாது. ஆங்கில உவமையை அப்படியே தூக்கி வந்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. ஒட்டுண்ணி உயிரியலில் ஊன்றிவிட்ட சொல். மனிதருக்குச் சொன்னால் வசை. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் முன்பு ஒருமுறை இணைந்த கைப்பேசி, மறுமுறை அந்தப் பக்கம் வரும்போது தானாகவே இணைந்துகொள்வதுண்டு. அதன் உரிமையாளரை ஒட்டுண்ணி என்று திட்டுவது நியாயமில்லை.

அலைக்கொக்கியைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாத காட்சி. உறையில்லாத கம்பியில்தான் கொக்கி மாட்டும் என்பதால், மறையாக்கம் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) ஏன் வேண்டும் என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனாலும் கொக்கி போடத் துணிந்த ஒரு கை வேண்டும். திறந்து கிடக்கும் வைஃபைக்கு அது தேவையில்லை.

என் பரிந்துரை: அழையா இணைவு. இணைபவர், அழையா இணைவர். ‘அழையா விருந்தாளி’ எல்லோர் வாயிலும் இருப்பதால் கேட்டவுடன் புரியும். வீட்டுக்கு வருவோருக்கென்று திசைவியில் (ரவுட்டரில்) தனியாகத் திறந்துவிடும் வசதியை ‘விருந்தினர் பிணையம்’ என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். அழைத்த விருந்தினருக்கு ஒரு வாசல், அழையாதவருக்குத் தடை என்று இரு சொற்களும் ஒரே குடும்பமாக நிற்கும். ‘நெட்வொர்க்’ தமிழ்நாட்டில் பிணையம், இலங்கையில் வலையமைப்பு என்ற வேறுபாடும் இதில் குறுக்கே வராது.

எனக்கு இது ஏட்டுச் சொல் இல்லை. எங்கள் வீட்டில் இணைப்புக் கொடுக்க வந்தவர், தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போனார். நாங்களும் மாற்றவில்லை. ஒருநாள் திசைவியின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வீட்டில் இருப்பவை நான்கு கருவிகள், பட்டியலில் ஏழு. அந்த மூன்றையும் பார்த்தபோது மனம் பதறியது. அதைச் சொல்ல அன்று என்னிடம் ஒரு சொல் இல்லை.

—

மறுமொழி:

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் நீளம். ‘களவிணைப்பு’ என்று சுருக்கலாமே? கடவுச்சொல்லை உடைத்து நுழைபவரையும் அது உள்ளடக்கும். உங்கள் சொல் அவரிடம் மிக மென்மையாக நடந்துகொள்கிறது.

—

மறுமொழி:

அம்மா, அந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். உடைத்து நுழைவதற்கு ‘ஊடுருவல்’ இருக்கிறது. 1997இல் வந்த, வைஃபைக்கான பழைய வெப் (WEP) மறையாக்கத்தின் ஓட்டையை 2001இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதை உடைப்பது ஊடுருவல். நீளமான கடவுச்சொல் இல்லாமலே கருவியை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியின் எட்டு இலக்க எண்ணும் அப்படித்தான். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று நினைப்போம். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு. மீதியைத் திசைவி முதல் நான்கு, அடுத்த மூன்று என்று தனித்தனியாகச் சோதிக்கிறது. ஆக, பத்தாயிரமும் ஆயிரமும் சேர்த்து 11,000 முயற்சிகளுக்குள் கதவு திறந்துவிடும். இப்படி முயல்பவரை ஊடுருவுநர் என்றே சொல்வோம். களவு என்றால் அகப்பொருளின் களவும் நினைவுக்கு வருமே.

அகராதிக்கு என் வரையறை: “காப்பு இல்லாத அல்லது எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் கொண்ட கம்பியில்லா இணைப்பை, உரியவரின் இசைவின்றிப் பயன்படுத்துதல்.” கீழே பயன்பாட்டுக் குறிப்பும் வேண்டும், சொல்லைத் தேடி வருபவர் வழியையும் தெரிந்துகொண்டு போகட்டும். திசைவியில் டபிள்யூபிஏ3 (WPA3) என்ற மறையாக்க முறை, இல்லாவிட்டால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 இருக்க வேண்டும். டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட வேண்டும். கடவுச்சொல்லுக்கு 63 எழுத்துகள் வரை இடமிருக்கும்போது எட்டோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினாலே ஊகிப்பது கடினம். திசைவியை நிர்வகிக்கும் கடவுச்சொல் வேறு, அதையும் மாற்ற வேண்டும். வைஃபையின் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் கருவி இணையும்போது அந்தப் பெயரைக் காற்றில் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் (MAC) முகவரியை வைத்து வடிகட்டுவதும் அப்படியே. மறையாக்கம் செய்தாலும் அந்த முகவரி மறைவதில்லை, அதைக் கேட்டு நகலெடுப்பது எளிது.

நீளம் பற்றிச் சொன்னது சரி. இடம் போதாத திரைகளில் ‘அழையா கருவி’ என்று மட்டும் போடலாமா என்று யோசித்தேன். ‘அழையாக் கருவி’ என்று ஒற்று மிக வேண்டும். அழியாப் புகழ் போல.

ஓர் இடத்தில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. தேநீர்க் கடைக்காரர் வாடிக்கையாளருக்கென்று கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். கடை மூடிய பிறகும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து அதையே பயன்படுத்துபவர் அழையா இணைவரா, இல்லையா? வரையறையில் உள்ள ‘இசைவின்றி’ அவரைத் தொடுகிறதா என்று சொல்லுங்கள். அதற்கேற்ப வாசகத்தைத் திருத்திவிட்டு விக்சனரியில் ஏற்றுகிறேன்.