மறு: ஆத்தர்ஷிப் என்பதற்குத் தமிழ்ச்சொல்: ஆசிரியத்துவமா, ஆக்கப்பொறுப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

கூட்டாய்வுக் கையேட்டின் வரைவில் 'ஆத்தர்ஷிப்' (ஆய்வுக் கட்டுரையை ஆக்கியவராகப் பெயர் இடம்பெறுவது) வரும் இடமெல்லாம் 'ஆசிரியத்துவம்' என்று போட்டிருக்கிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. பாடம் சொல்பவரும் ஆசிரியர், இதழ் நடத்துபவரும் ஆசிரியர், நூல் எழுதியவரும் ஆசிரியர். "முதல் ஆசிரியர் தம் ஆசிரியரின் ஒப்புதலுடன் ஆசிரியருக்கு அனுப்புக" என்று எழுதினால் யார் யாருக்கு அனுப்புவது? 'படைப்புரிமை' என்றாலோ பதிப்புரிமையோடு குழம்பும்.

என் பரிந்துரை: ஆக்கப்பொறுப்பு. அதை ஏற்பவர் ஆக்குநர். வேர் பழையதுதான், நன்னூல் பாயிரத்தில் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் முதலாவதே 'ஆக்கியோன் பெயர்'.

---

> என் பரிந்துரை: ஆக்கப்பொறுப்பு

ஐயா, ஆக்குநர் நல்ல சொல். ஆனால் 'பொறுப்பு' எதற்கு? கட்டுரையில் பெயர் வருவது உழைத்ததற்கான மதிப்பு அல்லவா? 'ஆக்குரிமை' போதுமே.

---

அம்மா, உரிமை என்று எழுதினால் நிதி வாங்கித் தந்தவரும் கருவி கொடுத்தவரும் துறைத்தலைவரும் பங்கு கேட்பார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதிப்படி, நிதி பெற்றுத் தருவதோ பொதுவாக மேற்பார்ப்பதோ மட்டும் போதாது. நான்கும் பொருந்த வேண்டும்: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, வரைவை எழுதுவது அல்லது ஆழ்ந்து திருத்துவது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பிழை எழுந்தால் பதில் சொல்ல உடன்படுவது. நான்காவது 2013-இல் சேர்ந்தது. 'பொறுப்பு' என்ற சொல் அதைத்தான் தாங்குகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதுதான் அதிகம் நடக்கும் அநியாயம். களத்தில் தரவு திரட்டியவருக்கு வரைவையே காட்டாமல், கடைசியில் "நீங்கள் திருத்தவில்லையே" என்று பெயரை நீக்கிவிடுவது. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் நிறைவேற்ற வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. கையேட்டில் இதைத் தனிப் பத்தியாகப் போடுங்கள்.

---

இருவர் சொல்வதும் சேர வேண்டும். உழைப்பின் மதிப்புக்கு ஏற்கெனவே 'பங்களிப்பு' இருக்கிறது. ஆய்வில் யார் என்ன பணி செய்தார் என்று குறிக்கும் 'கிரெடிட்' என்னும் வகைப்பாட்டில் 14 பங்களிப்புகள். 2022-இல் அமெரிக்கத் தரநிலையானது. அதை அட்டவணையாக்குங்கள்: இடப்பக்கம் பெயர்கள், மேலே 14 பணிகள், கட்டங்களில் முதன்மை, சமம், துணை என்ற மூன்றில் ஒன்று.

பெரும்பாலான குழுக்கள் இதைக் கட்டுரை அனுப்பும் அன்று நிரப்புகின்றன. பயனில்லை. முதல் மாதமே நிரப்பினால் அது வேலைப் பங்கீட்டுத் தாள். 'தரவுப் பேணல்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். பல நேரம் காலியாக இருக்கும். கோப்புகளுக்கு ஒரே மாதிரிப் பெயரிட, மாறிகளுக்கு விளக்கம் எழுத யாரும் இல்லை என்று பொருள். ஓராண்டு கழித்துப் பகுப்பாய்வில் உட்காரும்போது, 99 என்பது வயதா, விடுபட்ட விடைக்கான குறியா என்று சொல்ல ஆளிருக்காது. புதியவர் சேரும்போதும் ஒருவர் விலகும்போதும் தாளைத் திருத்தித் தேதியிடுங்கள். பெயர் வரிசையையும் அதிலேயே எழுதுங்கள்: கணிதத்தில் அகரவரிசை வழக்கம், உயிரியலில் ஆய்வகத் தலைவர் கடைசியில் வருவார். இரு துறையினர் சேரும் குழுவில் இதை வாய்ப்பேச்சில் விட்டால் நிச்சயம் சண்டை.

---

ஒப்புக்கொள்கிறேன். பெயர் போடுவது ஆக்கப்பொறுப்பு, செய்த வேலை பங்களிப்பு. 'ஆக்குரிமை'யைத் திரும்பப் பெறுகிறேன்.

இதழோடு கடிதத் தொடர்பு வைப்பவருக்கு மட்டும் 'பொறுப்பு ஆக்குநர்' வேண்டாம். அலுவலக வழக்கில் 'பொறுப்பு முதல்வர்' என்றால் தற்காலிகமாக இருப்பவர். 'தொடர்பு ஆக்குநர்' என்று வைத்துக்கொள்ளலாமா?