பொருள்: சட்பொட்டுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

ஹட்டனிலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் மாணவர்களுக்கான எமது வகுப்பில், நோட் ஜேஎஸ் என்னும் இயக்குதளத்தின் மீது இயங்கும், சட்பொட் செய்வதற்கான பொட்கிட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைத் தமிழில் கற்பிக்கக் குறிப்பேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். வரும் செய்தியில் நாம் குறித்துவைத்த சொல் இருக்கிறதா என்று அதன் ‘ஹியர்ஸ்’ என்னும் கட்டளை பார்க்கிறது. இருந்தால் ‘ரிப்ளை’ என்னும் கட்டளை விடை அனுப்புகிறது. ‘நுவரெலியா பஸ்’ என்று தட்டினால் நேர அட்டவணை வரவேண்டும் என்பதே முதற் பயிற்சி. இவ்வளவும் எளிதில் எழுதிவிட்டேன். இப்படித் தானே விடை சொல்லும் நிரலாகிய சட்பொட்டுக்குத்தான் தமிழில் பெயரில்லை. இப்போதைக்கு, ‘செயலி’யைப் போல, ‘உரையாடி’ என்று இட்டிருக்கிறேன்.

கண்டியிலிருந்து:

‘செயலி’யில் இகர விகுதி பெயர்ச்சொல்லோடு சேர்கிறது, ஐயமில்லை. ‘உரையாடி’யோ வினையெச்சமாகவும் நிற்கும். ‘உரையாடி முடித்தது’ என்று எழுதினால் முடித்தது யார்? ‘உரையாடுபொறி’ என்க. வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது என்பதை அச்சுக் கோப்பவருக்குச் சொல்லிவையுங்கள்.

பதுளையிலிருந்து:

‘விசிறி’யும் வினையெச்சந்தான், ஐயா. ‘விசிறியை எடு’ என்றதும் எவரும் மயங்குவதில்லை. வேற்றுமை உருபு ஏறினால் ஐயம் தீர்ந்துவிடும்.

பண்டாரவளையிலிருந்து:

வேரிலிருந்து பார்ப்போம். ‘பொட்’ என்பது ‘ரோபோட்’டின் வால். கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் அச்சொல் வந்தது. எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்றால் கட்டாய உழைப்பு. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, ‘இன்றைக்கு எத்தனை ஆள்’ என்று எண்ணப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே ‘ஆள்’ என்னும் நம் சொல்லையே எடுத்துப் ‘பதிலாள்’ என்பேன். பதில் சொல்லும் ஆள், மனிதருக்குப் பதிலாக நிற்கும் ஆள் என இரு பொருளும் ஒரே சொல்லில் அமைகின்றன.

கண்டியிலிருந்து:

‘பதில்’ அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. ‘மறுமொழியாள்’ என்றாலாவது ஏற்கலாம். மேலும் 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்னும் உரையாடல் நிரல் எவருடைய வேலையையும் செய்யவில்லை; பேசியது, அவ்வளவே. உழைப்பை இதற்குள் இழுப்பது பொருந்தாது.

பதுளையிலிருந்து:

தொல்காப்பியர் எச்சவியலில், பிற நிலத்திலிருந்து வரும் திசைச்சொல்லுக்கு இடங்கொடுத்திருக்க, நாம் ஏன் ‘பதில்’ என்ற சொல்லைத் துரத்தவேண்டும்? என் தடை வேறு. இந்நாட்டில் ‘பதில் அதிபர்’, ‘பதில் நீதவான்’ என்று நாள்தோறும் வாசிக்கும் பிள்ளை, ‘பதிலாள்’ என்றால் விடுமுறையில் போனவரின் கதிரையில் அமர்ந்தவர் என்றே எண்ணும். ‘மறுமொழியாள்’ நீளம், கட்டளை வரிக்குப் பக்கத்தில் அச்சிட இடம் போதாது. ‘கணனி’யா ‘கணினி’யா என்பதையே நாம் இன்னும் முடிக்கவில்லை என்பதையும் நினைவில் வைப்போம்.

ஹட்டனிலிருந்து:

நன்றி. எழுதியவர்களுள் பெரும்பாலானோர் ‘உரையாடி’யை மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வருமிடத்தில் ‘சட்பொட் எனப்படும் உரையாடி’ என்று எழுதி, பின்னர் ‘உரையாடி’ மட்டும் இடுவேன். நூலகத்தின் பெயர் பொட்கிட் என்றே இருக்கும்.

கண்டியிலிருந்து:

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. பெரும்பான்மையால் வினையெச்சம் பெயர்ச்சொல்லாகிவிடாது. என் மாணவர் ‘உரையாடுபொறி’ என்றே எழுதுவர்.

பண்டாரவளையிலிருந்து:

‘ஆள்’ பற்றி ஒருவரும் நேரே விடை கூறவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.