விக்கிப்பீடியா திருத்தங்களை நேரலையில் இசையாக்கினால் ஒரே இரைச்சல்

கேள்வி: ஓடைக்கரை
விக்கிமீடியாவின் ஈவன்ட் ஸ்ட்ரீம்ஸ் ஓடையிலிருந்து (திருத்தங்கள் நடக்க நடக்க வெளிவரும் நேரலைத் தரவு) தமிழ், ஆங்கிலத் திருத்தங்களைப் பிரவுசரில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலியும் திரையில் ஒரு வட்டமும் வரும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறேன். திருத்தத்தில் கூடிய பைட் எண்ணிக்கைதான் ஒலியின் ஹெர்ட்ஸ் (அதிர்வெண்). 20 பைட் திருத்தம் காதில் விழவே இல்லை. 12,000 பைட் கட்டுரை காதைக் குத்துகிறது. ஆங்கிலத்தைச் சேர்த்ததும் எதுவும் புரியாத இரைச்சல். எனக்கு இது அழகாக வரவேண்டும். எங்கே தொடங்கலாம்?

பதில்: மோகனப்பிரியன்
முதலில் 'லிசன் டு விக்கிப்பீடியா'வைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். விக்கிப்பீடியா திருத்தங்களை நேரலையில் ஒலியாக்கும் தளம், 2013இல் ஸ்டீபன் லாபோர்ட், மஹ்மூத் ஹஷெமி இருவரும் செய்தது. சேர்த்தால் மணியோசை, நீக்கினால் தந்தி மீட்டும் ஓசை, புதிய பயனர் வந்தால் தந்திகள் சேர்ந்து எழும்பும். திருத்தம் பெரிதாகப் பெரிதாக ஒலி கீழே இறங்கும். உங்களுடையது தலைகீழாக இருக்கிறது. கோயில் மணி கனமாகவும் பூஜை மணி கணீரென்றும் ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்த காது நமது. பெரியது கீழ் ஸ்தாயியில் வந்தால்தான் பெரியதாகத் தெரியும்.

அப்புறம், பைட்டை நேரடியாக ஹெர்ட்ஸாக்காதீர்கள், மடக்கை (log) எடுங்கள். அப்போது 10, 100, 1000, 10,000 எல்லாம் சமமான படிகளாகிவிடும். காதும் அப்படித்தான் கேட்கிறது: 220இலிருந்து 440 ஒரு ஸ்தாயி, 440இலிருந்து 880உம் ஒரு ஸ்தாயிதான்.

கிடைத்த படியை மோகனத்தின் ஸ ரி க ப த-வில் உட்காரவையுங்கள். ஸட்ஜமத்திலிருந்து 0, 2, 4, 7, 9 அரைச்சுரங்கள். அடுத்தடுத்த அரைச்சுரங்கள் இல்லாததால் எந்த இரண்டு சேர்ந்து விழுந்தாலும் உரசாது. (இதை மோகன ராகம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஸ்வரங்களை அசைக்கும் கமகமும், ராகத்தைக் காட்டும் பிடிப்பும் இல்லாதது ராகம் ஆகாது.)

ஒவ்வொரு ஒலியும் 'டக்' என்று வெட்டுப்படுகிறதா? பிரவுசரில் ஒலி எழுப்பும் வெப் ஆடியோவில் கெயினை (ஒலியளவை) 10 மில்லிசெகண்டில் ஏற்றி, எக்ஸ்பொனென்ஷியல் ராம்ப்பில் மெல்ல இறக்குங்கள். அந்த ராம்ப் பூஜ்யத்தை ஏற்காது, கடைசி அளவாக 0.001 கொடுங்கள். பாட் (தானாகத் திருத்தும் நிரல்) செய்த திருத்தங்களை ஓடையிலேயே குறித்திருப்பார்கள்; அவற்றை வடிகட்டினால் இரைச்சல் குறையும்.

பதில்: ஆபரேஷன் தியேட்டர்
நான் புரோகிராமர் இல்லை, மயக்க மருந்து மருத்துவர். வேலை நேரம் முழுக்க நேரலைத் தரவைக் காதால் கேட்கிறேன். பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் ஒரு துடிப்புக்கு ஒரு 'பீப்'. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த பீப்பின் சுருதி இறங்கும். மானிட்டருக்கு முதுகைக் காட்டி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாலும் சுருதி இறங்கினால் சட்டென்று திரும்பிவிடுவேன். அந்த பீப்பில் இரண்டே செய்திகள்தான், வேகமும் சுருதியும். ரத்த அழுத்தத்தையும் அதிலேயே ஏற்றியிருந்தால் எனக்கு எதுவுமே கேட்டிருக்காது. கேட்பவருக்கு எது தெரியவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஓடைக்கரை
தமிழில் இந்த நொடி யாரோ ஒருவர் எழுதுகிறார் என்பது தெரியவேண்டும். அதுதான் ஆசை.

மோகனப்பிரியன்
சரி, அப்படியானால் ஆங்கிலத்துக்கு ஸ்வரமே வேண்டாம். நொடிக்கு எத்தனை திருத்தம் என்று மட்டும் எண்ணி, அதற்கேற்ப, தம்பூரா போலப் பின்னால் விடாமல் ஒலிக்கும் ஸ-ப சுருதியின் ஒலியளவை ஏற்றி இறக்குங்கள். திரையில் அது பின்னணி நிறத்தின் அடர்த்தி. மணியும் வட்டமும் தமிழுக்கு மட்டும், வட்டத்துக்குள் கட்டுரைத் தலைப்போடு. நீக்கத்துக்கு வேறு வாத்தியம் போதும், சுருதிக் கணக்கு அதே. தொடக்கத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். பயனர் ஒரு முறையாவது கிளிக் செய்யாமல் பெரும்பாலான பிரவுசர்கள் ஒலியை விடாது.