‘எர்ராட்டிக்கலி’: பொருத்தமான தமிழ்ச் சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். நோயாளிகளுக்கான கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். இதயம் ‘எர்ராட்டிக்கலி’ துடிக்கிறது என்று ஒரு வரி. ‘தாறுமாறாக’ என்று போட்டால் படிப்பவர் பதறிவிடுவார். ‘சீரற்று’ என்றால் ஒழுங்கின்மை தெரிகிறது. அடுத்த துடிப்பு எப்போது என்று கணிக்க முடியாத தன்மை விட்டுப்போகிறது.

அலைந்து திரிவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. பனியாறு சுமந்துவந்து எங்கோ விட்டுச்சென்ற பாறைக்கும் ஆங்கிலத்தில் ‘எர்ராட்டிக்’ என்றே பெயர். ‘அன்பிரெடிக்டப்ளி’ வேறு: அது நிகழ்வின் போக்கைவிட, நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாததையே குறிக்கிறது. இந்த வேறுபாட்டைக் கைவிட எனக்கு மனமில்லை.

வண்டியைக் கண்டபடி வளைத்து ஓட்டுவதற்கும் இதே சொல்தான். அங்கே ‘தாறுமாறாக’ கச்சிதம். இடத்துக்கேற்ப மாற்றுவதுதான் வழியா, பொதுச்சொல் உண்டா? மருத்துவத் தமிழ் எழுதுபவர்கள் முழு வாக்கியமாகவே எழுதிக் காட்டினால் பேருதவியாக இருக்கும்.