கரையில் பிளாஸ்டிக் மணி பொறுக்கியவர்கள், ஆய்வுக்கு மாதிரி கொடுத்தவர்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

வத்தளைக்காரி:
நானே தொடங்குகிறேன். 2021 மே மாதம், பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்கும் சின்ன மணிகளை ஏற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்தபோது கொரோனாப் பயணத்தடை, வெளியே இறங்க ஏலாது. முதலில் துப்பரவு செய்தது படையினர்தான். நான் சரக்குவ கரைக்குப் போனது அந்த வருடக் கடைசியில். அப்போதும் மணலைக் கிண்டக் கிண்ட வெள்ளை மணி. சுமார் 1,680 தொன் மணி கொட்டியது என்று பேப்பரில் வாசித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. வாளியில் மணலைப் போட்டு, கடல்தண்ணி ஊற்றிக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், மணி ஜவ்வரிசி மாதிரி மேலே மிதந்து வரும். அதைத் தேத்தண்ணி வடியால் அள்ளி அள்ளிக் கை சோர்ந்தபோதுதான் விளங்கியது.

என் பிழையையும் சொல்கிறேன். கறுப்பும் சாம்பலுமாகக் கிடந்த கட்டிகளைக் கல் என்று நினைத்து வீசிவிட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளை ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிக் காட்டினாள், பொரபொரவென்று உதிர்ந்தது. எல்லாம் எரிந்த பிளாஸ்டிக்! எங்கள் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலைய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வைப் பிறகுதான் வாசித்தேன். வெள்ளை மணியைச் சின்னப் பிள்ளையும் கண்டுபிடிக்கும், எரிந்தது மணலோடு மணலாகக் கண்ணுக்குத் தப்பிவிடும், அதற்குள் இருக்கும் இரசாயனமும் கூடுதல் சிக்கலானது.

மனசை உறுத்துவது வேறொன்று. மூட்டை மூட்டையாக அள்ளினோம், எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன திகதி என்று எங்கள் குழுவில் ஒருவரும் எழுதவில்லை. கரை துப்பரவானது சரி, தடயமும் அதோடு போய்விட்டது. அள்ள முதல் யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

மிடாலம் பையன்:
அக்கா, நாங்க எழுதினோம், ஆனால் எங்க புத்தி இல்லை அது. 2025 மே 25ஆம் தேதி எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கி, சில நாளில் குமரி மாவட்டக் கரையிலும் மணி ஒதுங்கியது. எல்லாரும் அரிப்பும் வாளியுமாக இறங்கினோம் (அம்மாவின் மாவரிப்பை நான் தூக்கிப் போனது தனிக் கதை). அப்போது ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து, 'கொஞ்சம் பொறுங்க, முதல்ல எண்ணிக்கிறேன்' என்றார். எனக்குக் கடுப்பு. நாங்க அள்ள வந்திருக்கோம், இவங்க எண்ண வந்திருக்காங்களா?

அலை கடைசியாக ஏறி விட்டுப்போன சப்புச்சவறு வரிசையில் அரை மீட்டர் சதுரத்துக்கு நாலு குச்சி நட்டு, பழைய வலைக்கயிற்றைச் சுற்றி, அதற்குள் இருந்த மணியை மட்டும் எண்ணினோம். இடத்தோடு போட்டோ. அப்புறம்தான் சுத்தம். மறுநாள் அதே இடத்தில் மணி குறைந்திருந்தது. கடல் ஒருமுறை ஏறி இறங்கியதும் பழையபடி. எண்ணாமல் இருந்திருந்தால் 'சுத்தம் பண்ணியாச்சு' என்று வீட்டுக்குப் போயிருப்போம்.

அப்பா அந்த மாணவியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: 'இதைச் சாளை திங்குமா?' வயிற்றைக் கீறிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று அவரும் நேராகச் சொல்லிவிட்டார். சந்தையில் அம்மாவிடம் 'மணி தின்ன மீனா?' என்று கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு அந்தப் பதிலும் இல்லை.

துப்பட்டா:
பேர் வந்த கதையே என் அனுபவம். தூத்துக்குடியில் மீன் குடல் பார்க்கும் வேலை. குடலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப்போட்டு மிதமான சூட்டில் வைத்தால் சதை கரைந்துவிடும், பிளாஸ்டிக் நிற்கும். வடிகட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எல்லா மீனிலும் ஒரு ஆரஞ்சு இழை! பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வாரம் மிதந்தேன். அப்புறம் மீனே போடாமல் வெறும் கரைசலை வடிகட்டிய தாளிலும் அதே இழை. என் பாலியஸ்டர் துப்பட்டா. மீன் கொடுத்த படகு டிரைவர் அண்ணன் 'கடல்ல இல்லம்மா, உன் தோள்ல' என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து பருத்தி மட்டும்தான்.

அதே அண்ணன்தான் இன்னொன்றையும் திருத்தினார். நான் எல்லா மீனுக்கும் துறைமுகத்தின் இடத்தையே குறித்து வைத்திருந்தேன். 'இது பிடிச்சது 14 பாகத்துல, அங்க தரை சேறு. நீ என்ன கரை முகவரி எழுதுற?' என்றார். ஒரு பாகம் ஆறடி. என் நோட்டில் ஆழம் என்ற கட்டம் அவரால் வந்தது, ஆனால் ஆய்வறிக்கையில் அவர் பெயரைப் போட மேலிடம் சம்மதிக்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பழைய மணிக்காரர்:
மணி பொறுக்குகிறவர்கள் மஞ்சளாகப் போனதை வீசாதீர்கள். ஜப்பானில் பேராசிரியர் தகாதா 2005இல் தொடங்கிய 'இன்டர்நேஷனல் பெல்லட் வாட்ச்' என்ற, மணியில் சேர்ந்த நஞ்சை அளக்கும் திட்டத்துக்கு நான் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூறு இருநூறு மணியை அலுமினியத் தாளில் சுற்றி, இடமும் தேதியும் எழுதிக் கவரில் போட்டேன், அவ்வளவுதான். கடல்நீரில் கரைந்திருக்கும் டிடிடி (பூச்சிமருந்து), பிசிபி (பழைய மின்கருவி எண்ணெயில் இருந்த இரசாயனம்) போன்ற நஞ்சை இந்த மணி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மஞ்சளானது அதிக நாள் வெளியே கிடந்தது, அதனால் அதில் சேர்ந்திருப்பதும் அதிகமாக இருக்கும்.

மிடாலம் பையன்:
அப்போ கப்பலில் இருந்து வந்த வெள்ளை மணி?

பழைய மணிக்காரர்:
அது நேற்று வந்த விருந்தாளி தம்பி. அதையும் வை, ஆனால் மஞ்சளோடு கலக்காதே.

மிடாலம் பையன்:
ரெண்டுக்கும் தனித்தனி டப்பா வேணும். மாவரிப்புக்குப் பிறகு அம்மா எனக்கு எதுவும் தர்றதில்லை.