யாரி முதல் ஹொதாகா வரை: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

கோர்பு அடிவாரம்:

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில், ஆட்கள் கோர்பு, யோங் பெலார் மலைகள் என்று ஒரு சுற்று முடித்துவிட்டால் அடுத்த பேச்சு கினபாலு, அதற்கும் அடுத்தது ஜப்பான். போன புரட்டாசியில் நாங்கள் சில பேர் ஜப்பானின் வட ஆல்ப்ஸில் யாரிகாதாகே ஏறி, முகட்டைப் பிடித்தே ஹொதாகா வரை நடந்தோம். ராத்திரிக்கு ராத்திரி ஒரு மலைவிடுதி. கூட வந்தவர்கள் கீழே எழுதுங்கள். போக நினைக்கிறவர்கள் கேளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் காட்டில் பழகிய கால் அங்கே பாதிக்குத்தான் உதவும். கோர்பு 2183 மீட்டர், உச்சி வரைக்கும் காடு. வேரைப் பிடித்து ஏறலாம், வழுக்கினால் சேற்றில் உட்காரலாம், அட்டைக்கு ரத்தம் கொடுக்கலாம், அவ்வளவுதான். அங்கே 2500 மீட்டரைத் தாண்டினால் உயரமான மரமே இல்லை, தரையோடு படர்ந்த பைன் புதர்தான். அதற்கும் மேலே கல், சங்கிலி, இரும்பு ஏணி. கால் தவறினால் பிடித்துக்கொள்ள வேர் எதுவும் இருக்காது.

கூடாரம், அரிசி, சட்டி எதையும் சுமக்க வேண்டாம். விடுதியில் சோறும் உண்டு, மெத்தையும் உண்டு. அதனால் சுலபம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் அந்தப் பாதையில் கடினமானது நேரக் கணக்குதான். மதியத்துக்கு மேல் மூட்டமும் இடியும் வரும். பிற்பகல் 3 மணிக்குள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 5 மணிவாக்கில் சாப்பாடு, 9 மணிக்குள் விளக்கு அணைந்துவிடும். விடியுமுன்பே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நம் ஊரில் தே தாரேக் டீ குடித்துவிட்டு நிதானமாகக் கிளம்புகிற பழக்கத்தை மத்சுமோத்தோ ரயில் நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

பாதை இதுதான். மத்சுமோத்தோவிலிருந்து ரயிலும் பேருந்துமாகக் காமிகோச்சி பள்ளத்தாக்கு, அது 1500 மீட்டர். சொந்தக் காரை உள்ளே விடுவதில்லை. அங்கிருந்து யோகோ வரை ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆற்றோரச் சமதளம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, குரங்கு நிறைய.

யாரி விடுதிக்கு மேலே உச்சி மட்டும் வேல்முனை மாதிரி தனியாக நிற்கும், 3180 மீட்டர். 1828-இல் பன்ரியூ என்ற துறவி முதலில் ஏறினார் என்பது வரலாறு. இப்போது ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி. பையை விடுதியில் வைத்துவிட்டுத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போக வேண்டும். கடைசி ஏணி கிட்டத்தட்ட செங்குத்து. உச்சியில் கொஞ்சம் பேர் நின்றாலே நெருக்கடி. அங்கே ஒரு சின்ன மரக்கோயில் இருக்கிறது. எங்களில் ஒருவர் "முருகா" என்று கும்பிட்டுவிட்டு, பூட்ஸைக் கழற்றவா என்று கேட்டார். கழற்ற விடவில்லை.

மேல்லயம் அக்கா:

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுத மாட்டீர்கள் என்று தெரியும், நான் எழுதுகிறேன். நான் புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம். வானிலை நல்ல நேரமும் அதுதான். இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

விடுதியில் சோறும் மிசோ சூப்பும் எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த சூப்பே பெரும்பாலும் காய்ந்த மீனில் இறக்கியது. தட்டில் இருப்பது மாட்டிறைச்சி கலந்த கட்லெட்டாகவோ மீனாகவோ இருக்கும். கறி சோறு என்று ஆசையாகப் போனால் அதிலும் பன்றியோ மாடோ இருக்கும். சைவமாக்கித் தரவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. அத்தனை பொருளும் ஹெலிகாப்டரில் மேலே வருகிறது. முகட்டில் இருக்கும் விடுதிகளில் தண்ணீருக்கே காசு. குளியல் கிடையாது.

நான் வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் கொண்டுபோயிருந்தேன். (இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெத்திலி சம்பல் கொண்டுபோகலாமா என்று கேட்காதீர்கள், மேலே போய் மூடியைத் திறந்தால் விடுதியே எழுந்துவிடும்.) பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், காலையில் எங்களை முந்திக்கொண்டு போனவர். நான் சோற்றில் குழி பண்ணி, பொடியைப் போட்டு, எண்ணெய் ஊற்றிப் பிசைவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒரு கரண்டி அவர் கிண்ணத்திலும் போட்டேன். முதல் வாய்க்கே இருமல். தண்ணீர் குடித்தார், கண்ணைத் துடைத்தார், கிண்ணத்தை மறுபடி நீட்டினார். பதிலுக்கு உப்பில் ஊறிய பிளம்பழம் இரண்டை என் தட்டில் வைத்தார். அடுத்த நாள் மூட்டத்துக்குள் கோழி மாதிரி ஒரு பறவை பாதையில் நின்றபோது அசையாதே என்று சைகை காட்டியதும் அவர்தான். ராய்ச்சோ என்று பெயர் சொன்னார். மூட்டமான நாளில்தான் அது வெளியே வருமாம்.

துணி காய வைக்கத் தனி அறை உண்டு, நனைந்த காலுறையோடு படுக்க வேண்டியதில்லை. குறட்டைக்கு மட்டும் மருந்து இல்லை, காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

பால்வெட்டுப் பேரன்:

தைகிரெத்தோ பற்றி நான் சொல்கிறேன். மினாமிதாகே உச்சி 3033 மீட்டர், கித்தாஹொதாகா உச்சி 3106 மீட்டர், இரண்டுக்கும் நடுவில் முகடு அறுந்து கீழே இறங்கி மறுபடி ஏறும். அந்தத் துண்டுதான் அனுபவசாலிகளுக்கு மட்டும் என்று எல்லா வரைபடமும் எச்சரிப்பது.

மினாமிதாகே விடுதிக்கு மதியத்துக்குச் சற்று முன்னால் வந்துவிட்டோம். மூன்று நாலு மணி நேர வேலைதானே, தாண்டிவிடலாம் என்று எங்களில் இரண்டு பேர் பையை இறக்கவே இல்லை. விடுதிக்காரர் வெளியே வந்தார். மேற்கே கிபு மாநிலப் பக்கமிருந்து ஏறுகிற மேகத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு முழங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தார். வேறு பேச்சு இல்லை. நம்மவர் விடவில்லை, வரைபடத்தை விரித்துப் பேசிப் பார்த்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதே குறுக்குக் கை.

2 மணிக்கு மழை பிடித்தது. ஜன்னல் வழியாக எதிர்ப் பாறை தெரியவே இல்லை.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாறையில் வெள்ளை வட்டம் இருந்தால் வழி, பெருக்கல் குறி இருந்தால் போகாதே. ஹசேகாவா உச்சியில் முகடு மிக ஒடுக்கம், ஒரு கால் நகானோ மாநிலத்தில், ஒரு கால் கிபுவில். அங்கே நான் நின்று நடக்கவில்லை, உட்கார்ந்து நகர்ந்தேன், வெட்கமில்லை. எதிரே வந்த இருவர் ஒதுங்க இடமுள்ள பாறையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அதைத் தாண்டி ஹிதா நாகி என்ற இடத்தில் பாறையில் அடித்த இரும்பு முளையில் கால் வைக்க வேண்டும். மூன்று பிடி உறுதியான பிறகே நாலாவதை எடுங்கள். கித்தாஹொதாகா விடுதி வாசலில் உட்கார்ந்தபோதுதான் கை நடுங்குவதே தெரிந்தது.

ஓய்வு கிராணி:

தம்பிமார்களே, நான் யாரியோடு இறங்கிவிட்டேன். முழங்கால் எனக்குத் தெரியும்.

எங்கள் சின்ன வயதில் மலைப் பக்கம் கையைக் காட்டினாலே அடிதான். 1948-இல் நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான், காட்டில் ஒளிந்திருந்த அவர்களை ஒடுக்க அவசரகாலமே வந்தது. அது 1960-இல் முடிந்தும் பெரியவர்களுக்குக் காடு என்றால் பயம் போகவில்லை. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து மலை ஏறுகிறார்கள்!

கினபாலு போனவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 4095 மீட்டர், உயரம் அதிகம்தான். ஆனால் வழிகாட்டி கட்டாயம், நேரம் தப்பினால் திருப்பி அனுப்ப ஆள் உண்டு. ஜப்பானில் வழிகாட்டி இல்லாமலே போகலாம். அந்த விடுதிக்காரர் சொன்னதும் அறிவுரைதான், தடை இல்லை. நீங்கள் மலைப் பயணத் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், நகானோவில் இந்தப் பாதைகளுக்கு அது கட்டாயம். மீட்புச் செலவு உங்கள் தலையில் விழக்கூடும், காப்புறுதி எடுங்கள்.

லாசா ரோட்:

அண்ணே, செலவு எவ்வளவு? தீபாவளி லீவில் போகலாமா?

கோர்பு அடிவாரம்:

இரண்டு வேளைச் சாப்பாட்டோடு விடுதி ஒரு ராத்திரிக்கு 400 மலேசிய வெள்ளியைத் தாண்டும் தம்பி. ரொக்கமாக யென் வைத்துக்கொள். இப்போதெல்லாம் முன்பதிவு இல்லாமல் போகாதே. தலைக்கவசம் சில விடுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும்.

தீபாவளிக்கு வேண்டாம். அக்டோபரிலேயே மேலே பனி விழத் தொடங்கும், நவம்பர் ஆரம்பத்தில் முகட்டு விடுதிகள் மூடிவிடும். ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை பார், செப்டம்பர் என்றால் புயலுக்காக ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள். அதற்கு முன்னால் கோர்பு–காயோங் ஒரு தடவை வா, உன் பூட்ஸைப் பார்க்க வேண்டும்.