நாலடி மீன் தொட்டியும் நம்ம ஊர் போர் தண்ணியும்

தருமபுரியிலிருந்து:
மீன் தொட்டி வைக்கறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க. போர் தண்ணி ஒரு சொம்பு, ஒகேனக்கல் குடிநீர் ஒரு சொம்பு, ரெண்டுலயும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கற கருவி) விட்டாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். நம்ம பக்கம் போர் தண்ணின்னாலே ஃப்ளோரைடுதான் பேச்சு. மீன் வளர்க்கறவங்க முதல்ல பார்க்க வேண்டியது உப்பும் பிஹெச்சும் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டற அளவு, 7 நடு). பிஹெச் 8 காட்டுற கடினத் தண்ணியில டிஸ்கஸ், நியான் டெட்ரா எல்லாம் வேண்டாம். மோலி, கப்பி, மலாவி ஏரி சிக்லிட் இதே தண்ணியில ஜோரா இருக்கும். டிஸ்கஸ்தான் வேணும்னா உப்பைப் பிரிக்கற ஆர்.ஓ. மெஷின் தண்ணி கலக்கணும். நாலடித் தொட்டியில சுமார் 400 லிட்டர் நிக்கும், வாரம் கால் பங்கு மாத்தினா 100 லிட்டர் ஆச்சு. அந்த மெஷின் வெளிய தள்ளுற கழிவுத் தண்ணியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
எடைக் கணக்கைச் சொல்லிடறேன். நீளம் 4, அகலம் 2, உயரம் 2 அடின்னா 16 கன அடி, வாய் வரைக்கும் 453 லிட்டர். 12 மி.மீ. கண்ணாடி மட்டும் 90 கிலோ, 2 அங்குலத்துக்குக் கல் போட்டா 55 கிலோ. ஸ்டாண்டும் சேர்ந்தா 600 தாண்டும். மாடின்னா சுவர் ஓரமா, கீழே பீம் ஓடுற இடமாப் பார்த்து வைங்க. கிருஷ்ணகிரியில கிரானைட் பலகை சுலபமாக் கிடைக்குதுன்னு அதுமேல நேரா தொட்டியை ஏத்தக் கூடாது. நடுவுல ஒரு மணல் துகள் மாட்டினாலும் மொத்த பாரமும் அந்தப் புள்ளியில இறங்கி அடிக்கண்ணாடி விரியும். அரை அங்குல தெர்மாகோல் விரிச்சு, ரசமட்டம் வெச்சு நாலு பக்கமும் பார்த்துட்டு ஏத்துங்க. பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் வேண்டவே வேண்டாம், மீனுக்கு அது விஷம். ஒட்டி ஒரு வாரம் காயட்டும். அப்புறம் வாசல்லயே தண்ணி நிரப்பி 2 நாள் பாருங்க.

பாலக்கோட்டிலிருந்து:
மேலே சொன்ன அளவுத் தொட்டியில ஒரு அங்குலத் தண்ணி 19 லிட்டர்ங்க. சம்ப் ஃபில்டர் (தொட்டிக்குக் கீழே தனித் தொட்டியில இருக்கற வடிகட்டி) வைக்கறவங்க இதை மறந்துடறாங்க. மேலே ஏத்தற பைப்போட வாய் 4 அங்குலம் முங்கியிருந்தா, கரண்ட் போனதும் அந்த பைப் வழியாவே 75 லிட்டர் திரும்பி இறங்கும். சம்ப்ல அவ்வளவு காலி இடம் இல்லன்னா கூடம் முழுக்கத் தண்ணி. பைப்புல தண்ணி மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டா காத்து புகுந்து நின்னுடும். அதுல பாசி அடைக்கும், மாசம் ஒருக்கா ஊசி விட்டுக் குத்தணும்.

இன்னொண்ணு, நம்ம தண்ணிக்கே உரிய ஆபத்து. மீன் கழிவுல வர்ற அமோனியா பிஹெச் 7ல இருக்கறதைவிட 8ல ஏறக்குறைய 10 மடங்கு விஷமா நிக்கும். அதனால ஃபில்டர்ல அமோனியாவை முறிக்கற பாக்டீரியா பிடிக்க, மீன் விடாம 4 முதல் 6 வாரம் விடுங்க. தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, அமோனியாவும் அதுல இருந்து வர்ற நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனதும் மீன் விடலாம். பழைய தொட்டி ஸ்பாஞ்ச் ஒண்ணு கிடைச்சா சீக்கிரம் ஆகும். அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில கழுவாதீங்க, குளோரின் பட்டா பாக்டீரியா போச்சு. தொட்டித் தண்ணியிலயே அலசுங்க.

ஓசூரிலிருந்து:
எங்க ஊர் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் கட்டாயம். லிட்டருக்கு 1 வாட் கணக்கு. 400 வாட்டை ஒண்ணா வாங்காம 200ஆ ரெண்டு வைங்க. ஒண்ணு ஆஃப் ஆகாம மாட்டிக்கிட்டாலும் தொட்டி கொதிக்காது. தண்ணி மாத்தறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியே பிளக்கைப் பிடுங்கிடுங்க, சூட்டோட வெளிய நீட்டிக்கிட்டு நின்னா ஹீட்டர் கண்ணாடி வெடிக்கும்.

தருமபுரியிலிருந்து:
எங்களுக்கு அது தலைகீழ். சித்திரை வெயிலுக்கு மேல்மட்டத்துல சின்ன ஃபேன் திருப்பி விட்டா 2, 3 டிகிரி இறங்கும். ஆனா தண்ணி மட்டம் சடசடன்னு குறையும். ஆவியாப் போறது தண்ணிதான், உப்பு உள்ளேயே நிக்கும். அந்தக் குறைவை போர் தண்ணியால நிரப்பினா டிடிஎஸ் ஏறிக்கிட்டே போகும், ஆர்.ஓ. தண்ணியோ பிடிச்சு வெச்ச மழைத் தண்ணியோ ஊத்துங்க. கண்ணாடியில படியற வெள்ளைக் கோட்டுக்கு வினிகர் தொட்ட துணி போதும்.